வெள்ளிக்கிழமை நெருப்பு

குடிசை எரிவதைப் பேரழிவு என்று எங்கள் கல்லூரியில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. புயல் என்றால் பேரழிவு. வைகையில் வெள்ளம் வந்தால் பேரழிவு. மழை பொய்த்தால் அதுவும் பேரழிவு. இவற்றைப் பற்றி எழுதப் பேராசிரியர்கள் முண்டியடித்தார்கள். ஏழை நாடுகளில் இதையெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்களே ஆராய்ச்சி செய்யட்டும், நாங்கள் உதவுகிறோம் என்று 1980 கடைசியில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை கடிதம் எழுதியது. வெள்ளத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார். வறட்சியை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். மிச்சம் கிடந்த குடிசைத் தீ எனக்கு வந்தது. கல்யாணம் ஆகாத, நாற்பத்திரண்டு வயதான, புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற ஆனிமேரிக்கு மிச்சம் கிடப்பதைக் கொடுப்பது அங்கே வழக்கம்.

படிவம் அங்கிருந்தே அச்சாகி வந்தது. காற்றின் வேகம், கூரையின் பொருள், அடுப்பின் வகை, வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் என்று வரிசையாகக் கட்டங்கள். நல்ல படிவம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காற்று எவ்வளவு வேகம் அடித்தது என்று கிராமத்தில் கேட்டால், "கூரையத் தூக்கிட்டுப் போற அம்புட்டு வேகம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். அதை எந்த எண்ணாக எழுதுவது? தீயணைப்பு நிலையத்துப் பதிவேடுகளையும் தாலுகா ஆபீஸில் இருந்த நிவாரணப் பட்டியல்களையும் உட்கார்ந்து நகலெடுத்தேன். ஒன்பது வருஷம், இருநூற்றுப் பதினாலு தீ. எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. படிவத்தின் ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்ததால், அடிக்கோலை வைத்து நானாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பில் 'கிழமை' என்று எழுதினேன். பெரிய புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. கையில் இருப்பது எதுவானாலும் எண்ணிப் பார்க்கிற புத்தி எனக்கு.

எண்ணியபோது செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நூற்றுப் பதினெட்டு வந்தது. வாரத்தில் இரண்டு நாளைக்கு அறுபத்தொன்று வந்தால் நியாயம். நான்கு தடவை கூட்டினேன். தற்செயலாக இவ்வளவு வராது. துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "செவ்வாய் ஆகாத நாள், சரி. வெள்ளி நல்ல நாளாச்சே மிஸ்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு பத்து நாள் அவர் அறைப் பக்கமே நான் போகவில்லை.

காரணம் ஊரில்தான் கிடைக்கும் என்று தோன்றியது. பதிவேட்டில் மூன்று தடவை பெயர் வந்த ஊர் வடகரைப்பட்டி. சோழவந்தான் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே அறுபது குடிசை. பாதிக் கூரை தென்னங்கிடுகு, பாதிக் கூரை கரும்புத்தோகை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் சிம்மக்கல்லில் பஸ் ஏறிவிடுவேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக அநேகமாக எல்லா ஞாயிறும் அங்கேதான்.

முதல் நாள் அந்த ஊரில் என் படிவத்தைப் பார்த்துப் பாதிப்பேர் உள்ளே போய்விட்டார்கள். தெருக்கடைசி வீட்டில் ஒருத்தி மட்டும் நின்றாள். பாண்டியம்மாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளை கிடையாது, வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளு வேலை. படிவத்தை அவள் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து, "இம்புட்டு தூரம் வந்துருக்கீகளே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

நான் சாப்பிட்டேனா என்று கேட்க எனக்கு அப்போது யாரும் இல்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே விடிந்ததிலிருந்து மூட்டை இறக்குகிற சத்தமும் லாரிக்காரர்கள் பேச்சும். மேலே பாத்திரம் கழுவும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் வரும். சனிக்கிழமை மதியம் கல்லூரியை விட்டு வந்தால் ஞாயிறு காலைவரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஒருநாள் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்று மாதத்தில் பாண்டியம்மாள் என்னை 'வா டீச்சரு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சோழவந்தான் சந்தையில் எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டு வாங்கி வைத்தாள். சோறு பொங்கியதும் அவள் தட்டு, என் தட்டு என்று இரண்டு தட்டையும் மண்தரையில் ஒன்றன் பின் ஒன்றாக வைப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பசி வந்துவிடும். ஆறு மாதத்திலேயே அந்த ஊரில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன். அதற்குப் பிறகும் போவதற்காகக் கேள்விகளை நானே உண்டாக்கினேன். உங்கள் வீட்டுக் கூரையை எத்தனை பேர் சேர்ந்து வேய்ந்தீர்கள், கிடுகை யார் முடைந்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வேன். ஆராய்ச்சிக்குப் போனேனா, அந்தச் சாப்பாட்டுக்குப் போனேனா என்று கேட்டால் சாப்பாட்டுக்குத்தான்.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெற்று மனை. ஆமணக்கு முளைத்துக் கிடந்தது. அங்கே சோலையம்மாள் என்பவளின் குடிசை இருந்தது என்று பட்டியலில் பார்த்திருந்தேன். 1980 மார்ச்சில் ஒரு மதியம் எரிந்தது. தாய் வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயதுப் பெண் தங்கப்பொண்ணு பிழைக்கவில்லை. சோலையம்மாளும் புருஷனும் ஊரைவிட்டே போய்விட்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்று பாண்டியம்மாளிடம் இரண்டு தடவை கேட்டேன். "எரிஞ்சு போச்சு" என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள். 'காரணம் தெரியவில்லை' என்று கட்டத்தில் எழுதி வைத்தேன்.

இவ்வளவு போயும் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். தீ பிடிப்பது செவ்வாயும் வெள்ளியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு தவிர வேறு நாளில் நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கல்லூரி வேலையும் கோயில் பூசையும் போக எனக்கு மிச்சம் இருந்தது ஞாயிறுதான், அதனால் ஊருக்கும் ஞாயிறுதான் என்று இருந்துவிட்டேன்.

1982-இல் பெரிய வெள்ளி அன்று கல்லூரி விடுமுறை. மதிய வழிபாட்டுக்குக் கோயிலுக்குப் போனேன். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒவ்வொரு குடும்பம். என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருந்தது. இயேசுவின் பாடுகளை வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே எழுந்து வந்து பஸ் ஏறிவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், அன்று எனக்குப் பாண்டியம்மாள் வீட்டு நிழல் வேண்டியிருந்தது.

"என்ன டீச்சரு, வெள்ளிக்கெழமை வந்துருக்க?" என்றாள். வாசலைச் சாணத்தால் மெழுகி, நிலைப்படிக்கு மஞ்சள் பூசியிருந்தாள். நான் உபவாசம் என்று சொன்னதும் மோர் மட்டும் கொடுத்தாள். குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு முத்துத்தாய் வந்தாள். கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு கொட்டாங்குச்சி.

"அத்தை, அடுப்பு அணைஞ்சு போச்சு. ஒரு கங்கு குடுங்க" என்றாள்.

"வெள்ளிக்கெழமை வந்து கேக்குறா பாரு. ஒங்க ஊருல குடுப்பாகளோ? செவ்வா வெள்ளி வீட்டு நெருப்ப வெளிய குடுத்தா வீடு வெளங்குமா?"

"மறந்துட்டேன் அத்தை."

"நேத்து ராத்திரியே பொதைச்சு வைக்க வேண்டியதுதான?"

முத்துத்தாய் கொட்டாங்குச்சியோடு திரும்பிப் போனாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எதைப் புதைக்கணும் பாண்டியம்மா?"

"நெருப்பத்தான். மத்த நாளுன்னா அணைஞ்சா அடுத்த வீட்டுல கங்கு வாங்கிக்கலாம். செவ்வா வெள்ளி யாரும் குடுக்க மாட்டாக. அதுனால மொத நா ராத்திரி ரெண்டு எருவாட்டியப் போட்டு சாம்பல மூடி வச்சுருவோம். மறுநா பூராம் உள்ளுக்குள்ள கெடக்கும்."

"வேலைக்குப் போகும்போது?"

"அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"தீப்பெட்டி வீட்டுல இருக்காதா?"

"அது ஆம்பளைக மடியிலல்ல போயிரும், பீடிக்கு" என்று சிரித்தாள்.

பூட்டிய குடிசை, சாம்பலுக்கு அடியில் கனன்றுகொண்டிருக்கும் சாணி எருவாட்டி, மதியக் காற்று, தலைக்கு மேலே காய்ந்த கரும்புத்தோகை. நூற்றுப் பதினெட்டுக்கும் காரணம் ஒரு கொட்டாங்குச்சியில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறது. எந்த அச்சடித்த படிவத்திலும் இது இல்லை. பெரிய வெள்ளி என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்தேன். நோட்டைப் பிரித்துக்கொண்டே, சந்தோஷத்தில், யாரிடம் கேட்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கேட்டேன்.

"சோலையம்மா வீடு எரிஞ்சதும் வெள்ளிக்கிழமைதான். அன்னைக்கு அவ உங்ககிட்ட நெருப்பு கேட்டு வந்தாளா?"

பாண்டியம்மாள் முகத்தில் இருந்த சிரிப்பு போனதை நான் பார்த்தேன். அப்போதாவது நோட்டை மூடியிருக்கலாம்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். முந்தானை நுனியைச் சுருட்டினாள். பிறகு வெற்று மனையைப் பார்த்தபடி சொன்னாள்.

"காலையில வந்தா. பொதைச்சு வச்சது அவிஞ்சு போச்சுன்னா. வெள்ளிக்கெழமை, போடின்னுட்டேன். டீக்கடைக்குப் போயி ஒரு எருவாட்டியப் பத்த வச்சு எடுத்துட்டு வந்தா. மறுபடி அவிஞ்சா யாருகிட்டப் போயி நிக்கிறதுன்னு மேல நாலு எருவாட்டிய அடுக்கிட்டு வேலைக்குப் போயிட்டா." என் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் ஒரு கங்கு குடுத்துருந்தா, அந்தப் புள்ள இருந்துருக்குமா டீச்சரு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது அந்தப் பிள்ளையின் விதி, உனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லியிருக்கலாம். என் அம்மாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒரு தீயை வச்சு அப்படிச் சொல்ல முடியாது பாண்டியம்மா. நூறு தீயைச் சேத்துப் பாத்தாத்தான் சொல்லலாம்."

அது உண்மைதான். வருஷா வருஷம் ஜூலை மாதம் முதலாண்டுப் பெண்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"நூறச் சேத்துப் பாத்தா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அவள் எழுந்து என் மோர் டம்ளரைக் கழுவினாள். "பஸ்ஸு வந்துரும். கெளம்புங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு கதவு சாத்தியிருந்தது. கொடிக்காலுக்குப் போயிருக்கிறாள் என்று முத்துத்தாய் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். நான்காவது ஞாயிறு சாத்திய கதவுக்கு மேலே கூரை வழியாகப் புகை வந்தது. வாசலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. பஸ் வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கையை எழுதி அனுப்பினேன். அறக்கட்டளைக்காரர்களுக்கு ஏக சந்தோஷம். உள்ளூர் ஆராய்ச்சி என்றால் இதுதான் என்று கடிதம் வந்தது. இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். படிப்பவர்கள் மனசைத் தொட, பாதிக்கப்பட்ட ஒருவருடைய கதையைச் சேர்க்க முடியுமா? கண்டுபிடித்ததை ஊர்க்காரர்களிடமே சொல்ல முடியுமா? முதல் கேள்விக்கு, அப்படி யாரும் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினேன். அந்த ஆராய்ச்சியில் நான் எழுதிய ஒரே பொய் அது.

இரண்டாவது கேள்விக்காக ஜூன் மாதம் ஒரு ஞாயிறு வடகரைப்பட்டி மந்தைத் திடலில் கூட்டம் போட்டேன். யார் பெயரையும் எடுக்காமல் கணக்கை மட்டும் சொன்னேன். செவ்வாய் வெள்ளியிலும் பக்கத்து வீட்டுக்கு நெருப்புக் கொடுங்கள், புதைத்து வைக்காதீர்கள் என்றேன். பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டார்கள். லட்சுமியை வெளியே அனுப்பச் சொல்கிறாள் என்று ஒரு குரல் வந்தது. சரி, ஆண்கள் தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். ஆண்கள் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பீடி அணைஞ்சா ஒங்க உசுரு போயிராது" என்றேன்.

"டீச்சருக்கென்ன, ஒத்த வயிறு. அடுப்பு எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன?" என்றான் காசிமாயன். அவன் அந்த ஊர்க் கொடிக்கால்காரன்.

கூட்டமே சிரித்தது. கடைசியில் நின்றிருந்த பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நடந்து போய்விட்டாள். நான் படிவங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். காசிமாயன் சொன்னதற்காக இல்லை. அவன் சொன்னது சரியாக இருந்ததற்காக.

அதோடு நான் அந்த ஊருக்குப் போகவில்லை. ஆனால் பதிவேட்டைப் பார்ப்பதை விடவில்லை. 1983 பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. சுற்றுவட்டாரத்தில் வழக்கம்போலக் குடிசைகள் எரிந்தன. வடகரைப்பட்டி பெயர் வரவில்லை. வைகாசியிலும் வரவில்லை. தற்செயலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடி பிறந்ததும் பொறுக்க முடியாமல், ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். பாண்டியம்மாள் வீட்டுக்கு முன்னால் தெருவோரமாக ஒரு பூவரச மரம் உண்டு. அதன் கிளையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், மூடி போட்ட பால்பவுடர் டப்பா ஒன்று கயிற்றில் தொங்கியது. முத்துத்தாய் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து எக்கி டப்பாவைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கூரையிலிருந்து புகை வந்தது. திரும்பி வந்து தீப்பெட்டியை டப்பாவில் போட்டு மூடினாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள்.

"வெள்ளிக்கிழமை நெருப்புக் கொடுக்கலாமா முத்துத்தாய்?" என்று கேட்டேன்.

"யாரும் குடுக்கலையே டீச்சரு. மரத்துல கெடக்கு, எடுத்துக்கிறோம். மரத்துக்கு ஏது செவ்வா வெள்ளி?"

"ஆம்பளைங்க எடுத்துட்டுப் போக மாட்டாங்களா?"

"போவாகளா? எவனாவது பீடிக்கு எடுத்தா அவன் கையி வெளங்காதுன்னு அத்தை நடுத்தெருவுல நிண்டு மண்ணள்ளித் தூத்தியிருக்குல்ல. காசிமாயன் மாமா மரத்தச் சுத்திக்கிட்டுல்ல போறாரு."

யார் அந்த அத்தை என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த எனக்கு வராத யோசனை அது. பழக்கத்தை விடச் சொல்லாமலேயே நெருப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறாள்.

பாண்டியம்மாள் விளக்கோடு வெளியே வந்தாள். மாடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். இளைத்திருந்தாள்.

"வாங்க" என்றாள்.

"இந்த வருஷம் இங்கே ஒரு தீ கூட இல்லை பாண்டியம்மா. நான் பதிவேட்டைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"ம்."

"இது யார் செஞ்சதுன்னு எழுதணும். மத்த ஊர்க்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும். உங்க பேரை எழுதட்டுமா?"

"எம்பேரு வேணாம். மரம்னு எழுதிக்கங்க."

"உங்க வாசல்லயே ஆணி அடிச்சு மாட்டியிருக்கலாமே. இந்த மரத்துல ஏன்?"

அவள் மரத்தடியைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, பழுத்த இலைகள் மட்டும் கிடந்தன.

"அங்கன நிண்டுதான் கேட்டா" என்றாள்.

'பாண்டியம்மா, அது உன்னால் இல்லை' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. சொன்னாலும் நம்ப மாட்டாள். கணக்கு தெரிந்தவள் வாயிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட்டாள். பதில் வராததையும் பார்த்துவிட்டாள்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஏழேகால்."

"இன்னம் நேரம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

நான் மரத்தடியிலேயே நின்றேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. உள்ளே குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மண்தரையில் அலுமினியத் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. அடுத்ததற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எண்ணுவதுதான் என் பழக்கம் ஆயிற்றே. ஒன்றுதான்.

ஏழேகால் பஸ் அன்று சரியான நேரத்துக்கு வந்தது.